130 டாலரும் பத்து வெள்ளியும்

2012இல் அமெரிக்காவில் ஒரு பழைய காசோலை ஏலத்துக்கு வந்தது. 1938 மார்ச் மாதத்தியது. மொத்தத் தொகை 412 டாலர். அதில் 130 டாலர் மட்டும் சூப்பர்மேனுக்கு என்று தனியாகக் குறித்திருந்தது. கதை எழுதிய ஜெர்ரி சீகலுக்கும் படம் வரைந்த ஜோ ஷூஸ்டருக்கும் காமிக்ஸ் கம்பெனி கொடுத்த சம்பளம் அது. 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர். அந்தப் பணத்தோடு சூப்பர்மேன் மீதான எல்லா உரிமையும் கைமாறிப் போனது. ஏலத்தில் அந்தக் காகிதம் 160,000 டாலருக்கு விலைபோனது.

இது காமிக்ஸ் வாசகர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். நானும் எங்கோ படித்து, ஐயோ பாவம் என்று நினைத்துவிட்டு மறந்திருந்தேன். ஆறு மாதத்துக்கு முன் பதினான்கு பக்க ஒப்பந்தம் ஒன்று எங்கள் கைக்கு வந்தபோதுதான் மறுபடி தேடிப் படித்தேன்.

எங்கள் என்றால் நானும் என் நண்பனும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்த லயத்தில் பிறந்தவர்கள். நாங்கள் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது தோட்டம் விற்கப்பட்டது. பாதி செம்பனையானது, பாதி தாமானானது. இரண்டு குடும்பமும் ஈப்போவுக்கு வந்து மலிவு விலை அடுக்குமாடியில் ஏறினோம். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்து, இப்போது ஒரு கன்சல்டன்ட் ஆபிசில் வடிகால் வரைபடங்கள் போடுகிறேன். அவன் தொழிற்சாலையில் டெக்னிஷியன். சின்ன வயதிலிருந்து அவன் வரைவான், நான் கதை சொல்வேன். இப்போதும் அப்படித்தான்.

இரண்டு வருடமாக நாங்கள் எழுதி வரைந்து வைத்திருக்கும் நாயகன், அடுக்குமாடியில் இரவு வேலை பார்க்கும் ஒரு ஜாகா. அவனுக்கு ஒரு சக்தி உண்டு. தோட்டத்து முனியாண்டி சாமி, மரத்தை வெட்டிய அன்று அவன் தாத்தாவிடம் விட்டுப்போனது. ஆனால் அந்தச் சக்தி பழைய தோட்டத்தின் எல்லைக்குள் மட்டும்தான் வேலை செய்யும். எல்லைச்சாமி அல்லவா? தோட்டமோ இப்போது கிடையாது. பழைய நில அளவைப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கோடு இன்றைக்கு ஒரு பெட்ரோல் நிலையத்தின் பின்பக்கம் வழியாகப் போய், நெடுஞ்சாலையைக் கடந்து, கடைவீட்டு வரிசை ஒன்றை இரண்டாகப் பிளக்கிறது. சாலையின் இந்தப் பக்கம் அவன் காரைத் தூக்குவான். அந்தப் பக்கம் போனால் ஒரு சாதாரண ஜாகா, முட்டிவலிக்காரன். இந்த எல்லை யோசனை என்னுடையது. அளவைப் படம் பார்த்தே பிழைக்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

நண்பன் இதன் சில பக்கங்களை இணையத்தில் போட்டிருந்தான். தலைநகரிலிருந்து ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடர்புகொண்டது. எட்டாயிரம் வெள்ளி தருவதாகச் சொன்னார்கள். பாத்திரம், கதை, படங்கள் எல்லாம் நிரந்தரமாக அவர்களுக்கு. இப்போது உள்ள ஊடகங்களிலும், இனிமேல் கண்டுபிடிக்கப்படப்போகும் ஊடகங்களிலும். எங்கள் பெயர் வருமா வராதா என்பதை நிறுவனமே தீர்மானிக்கும்.

“போட்டுருவோம்டா கையெழுத்த. எட்டாயிரம் வெள்ளி. நமக்கு யாரு தருவா?” என்றான்.

நான் சீகல், ஷூஸ்டர் கதையைச் சொன்னேன். கோர்ட்டுக்குப் போனது, 1940களின் கடைசியில் அவர்கள் பெயரே சூப்பர்மேன் பக்கங்களிலிருந்து காணாமல் போனது, பிறகு சீகல் தபால் பிரிவில் எழுத்தராக வேலை பார்த்தது, ஷூஸ்டருக்குக் கண்பார்வை மங்கியது. 1975இல் பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் திரைப்படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சீகல் பத்திரிகைகளுக்கு ஆத்திரத்தோடு ஒரு கடிதம் எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் சேர்ந்து குரல்கொடுத்தார்கள். வருடத்துக்கு ஆளுக்கு 20,000 டாலரும், படத்தில் இருவர் பெயரும் என்று வார்னர் நிறுவனம் இறங்கிவந்தது. 37 வருடம் கழித்து.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு ஒன்று சொன்னான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. “அவனுங்க கையெழுத்து போடலன்னா சூப்பர்மேனே இல்லடா. அலமாரில கெடந்திருக்கும்.”

உண்மைதான். அந்த 130 டாலருக்கு முன்னால் பல வருடம் அந்தக் கதையைப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போட்டது முட்டாள்தனம் என்று இன்றைக்கு உட்கார்ந்து சொல்வது எளிது. அதுவும் மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு இன்னும் எளிது. அவனுக்கு மோட்டார் கடன் இருக்கிறது, அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இருக்கிறது. எட்டாயிரம் என்றால் அவனுக்கு நான்கு மாதச் சம்பளம்.

அதனால் வேறு மாதிரித் தேடினேன். கையெழுத்துப் போடாமலே, அல்லது வேறு விதமாகப் போட்டு, மேலே வந்தவர்கள் யாராவது உண்டா? சூப்பர் ஹீரோ படங்களின் இயக்குநர்கள், எழுத்தாளர்கள் முதலில் என்ன செய்தார்கள்?

எங்களுக்கு நெருக்கமான ஆள் ஜேம்ஸ் வான். சரவாக், கூச்சிங்கில் 1977இல் பிறந்தவர். ஏழு வயதில் குடும்பத்தோடு பெர்த் போய்விட்டார். ‘அக்வாமேன்’ 2018இல் நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தபோது, நம் ஊர்ப் பத்திரிகைகள் அவரைத் திரும்ப மலேசியராக்கிக்கொண்டன. (ஈப்போக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் மிஷல் யோவிலிருந்தே உண்டு. அவரைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லிவிட்டு இங்கே காப்பி குடிக்க முடியாது.) அந்தப் படத்தைக் கிந்தா சிட்டியில் பார்த்தேன். நல்ல படமா என்றால் தயங்குவேன். ஆக்டோபஸ் ஒன்று டிரம்ஸ் வாசிக்கும். ஆனால் நடுவில் ஒரு சில நிமிடம். இரவு, புயல், ஒரு சின்னப் படகு. கடலுக்குள்ளிருந்து உருவங்கள் ஏறுகின்றன. நாயகனும் நாயகியும் கையில் ஒரு தீப்பந்தத்தோடு தண்ணீருக்குள் குதிக்கிறார்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான உயிரினங்கள் இருட்டில் விலகி விலகி நெருங்குகின்றன. அந்த இடத்தை எடுத்தவர் பேய்ப்படக்காரர். வெளிச்சம் எவ்வளவு குறைவோ பயம் அவ்வளவு என்று காசில்லாத காலத்தில் கற்றுக்கொண்டவர்.

அந்தக் காலம்தான் எனக்குத் தேவைப்பட்டது. வான் மெல்பர்னில் ஆர்.எம்.ஐ.டி.யில் படித்தபோது லீ வானல் என்பவரைச் சந்தித்தார். ஒருவர் இயக்குவார், ஒருவர் எழுதுவார், நடிக்கவும் செய்வார். கையில் காசில்லை, ஆகவே ஒரே அறைக்குள் நடக்கும் கதையாக யோசித்தார்கள். வானலுக்கு அப்போது தொடர்ந்து தலைவலி. மூளையில் கட்டியாக இருக்குமோ என்று பயந்துகொண்டு மருத்துவமனையில் காத்திருந்திருக்கிறார். சாவதற்கு இவ்வளவு நாள்தான் என்று ஒருவனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான் என்ற யோசனை அங்கிருந்து வந்தது. அதுதான் ‘சா’ படத்தின் வில்லன். திரைக்கதையை ஆஸ்திரேலியாவில் யாரும் எடுக்க முன்வரவில்லை. அமெரிக்காவுக்குக் கொண்டுபோவதற்கு முன், அதிலிருந்து ஒரே ஒரு காட்சியை மட்டும் குறும்படமாக எடுத்தார்கள். தாடையில் இரும்புப் பொறி மாட்டிய ஒருவன், நேரம் போய்க்கொண்டிருக்கிறது. நடித்தவர் வானல். படிக்கச் சோம்பல்படுகிற தயாரிப்பாளர்கூடச் சில நிமிடம் பார்ப்பார் அல்லவா?

பார்த்தார்கள். அதைவிடப் பெரிய நிறுவனங்களும் கேட்டு வந்தன. ஆனால் இவர்கள் ஒரு நிபந்தனையை விடவே இல்லை: இயக்குவது வான், நடிப்பது வானல். அதை ஒப்புக்கொண்டவர்களிடம்தான் போனார்கள். சுமார் 12 லட்சம் டாலர், 18 நாள் படப்பிடிப்பு. 2004 ஜனவரியில் சன்டான்சில் திரையிட்டு, பிறகு உலகமெங்கும் 10 கோடிக்கு மேல் போனது.

இதை வாசித்த இரவு நண்பனுக்கு நீளமாகச் செய்தி அனுப்பினேன். அவர்கள் அடித்த பேரம் பணத்துக்கானது அல்ல, நாற்காலிக்கானது. நாங்கள் எட்டாயிரத்தைப் பன்னிரண்டாயிரம் ஆக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

எழுதுபவன் என்பதால் எனக்கு ஒரு தனி உறுத்தலும் இருந்தது. வானைத் தெரிந்த அளவுக்கு வானலை யாருக்குத் தெரியும்? (இத்தனைக்கும் பிறகு அவரே இயக்கிய ‘தி இன்விசிபிள் மேன்’, அக்வாமேனைவிட நல்ல படம் என்பது என் கட்சி.) இந்த வழியில் போனால் பில் ஃபிங்கரிடம்தான் போய் முட்டவேண்டும். 1939இல் பாப் கேன் வரைந்துவைத்திருந்த பேட்மேன் சிவப்பு உடையும், கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடியும், முதுகில் விறைப்பான இறக்கையும் கொண்டவன். செருப்புக்கடையில் விற்பனையாளராக இருந்த ஃபிங்கர் அதைப் பார்த்துவிட்டு, காது வைத்த முழு முகமூடி போடு, இறக்கையை எடுத்துவிட்டு அங்கி வை, நிறத்தை இருட்டாக்கு என்றார். முதல் கதைகளை எழுதினார். காதம் என்ற ஊர்ப் பெயரும் அவர் வைத்ததுதான். ஆனால் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டவர் கேன் ஒருவர்தான், ஆக்கியவர் என்று அச்சானதும் அந்த ஒரு பெயர்தான். ஃபிங்கர் 1974இல் இறந்தார். கிறிஸ்டோபர் நோலனின் மூன்று பேட்மேன் படங்களிலும்கூட பாப் கேன் மட்டும்தான் இருக்கிறார். வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்துக்கொண்டு வார இறுதிகளில் மட்டும் தன் முதல் படத்தை எடுத்த நோலன், ஆளில்லாமல் எடுப்பது எப்படி என்று தெரிந்தவர்தான். ஒப்பந்தம் அப்படி, அவர் என்ன செய்வார்? ஃபிங்கரின் பெயர் சேர்க்கப்படும் என்று அறிவிப்பு வந்தது 2015இல். அடுத்த வருடம் திரையில் வந்தது.

இதற்குப் பிறகு நான் ஒரு ஏ4 தாளில் எழுதினேன். கதை, பாத்திரம்: இருவரும். எழுத்து: நான். ஓவியம், இயக்கம்: அவன். யார் விலகினாலும் மற்றவர் சம்மதமில்லாமல் விற்கக்கூடாது. புந்தோங்கில் கச்சான் பூத்தே வாங்கிக்கொண்டு போய் அவனிடம் நீட்டினேன். “நமக்குள்ள எதுக்குடா பேப்பரு?” என்று முகம் சுருங்கிப்போனான். கொஞ்ச நேரம் கடலை மட்டும் மென்றோம். கேனும் ஃபிங்கரும் நண்பர்களாகத்தான் ஆரம்பித்தார்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவன் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டான். ஆனால் அன்று முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை.

தமிழில் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மிஷ்கின். 2012இல் ஜீவாவை வைத்து ‘முகமூடி’ எடுத்தார். அதற்கு முன் ‘அஞ்சாதே’, ‘நந்தலாலா’, ‘யுத்தம் செய்’ எடுத்தவர். முகமூடி ஓடவில்லை. அதில் எனக்கு இன்றும் பிடித்தது ஆரம்பத்துக் குங்ஃபூ வகுப்பு. முகமூடி மாட்டிய பிறகு நாயகனைப் படத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த வருடமே அவர் தன் சொந்த நிறுவனத்தில், பாட்டு இல்லாமல், தானே ஓநாயாக நடித்து ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ எடுத்தார். அவர் படங்களில் என்னை அதிகம் பாதித்தது அதுதான். விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கச் சொந்தமாக ஒரு கம்பெனியாவது வேண்டியிருக்கிறது.

அதே மிஷ்கின் 2023இல் வேறொரு சூப்பர் ஹீரோ படத்தில் வில்லனாக நின்றார். ‘மாவீரன்’. அதை இயக்கிய மடோன் அஸ்வின் அதற்கு முன் எடுத்தது ஒரே ஒரு படம், ஒரு நாவிதரின் ஒரு வாக்கை வைத்து ஊரையே ஆட்டிய ‘மண்டேலா’. அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்குமாக இரண்டு தேசிய விருது. அந்தச் சின்னப் படத்தில் இருந்த ஊர், ஆட்கள், கிண்டல் எதையும் பெரிய நடிகர் வந்ததும் அவர் தூக்கிப்போடவில்லை. மாவீரனின் நாயகன் பத்திரிகையில் படக்கதை வரைகிறவன். வரைவது இவன், பெயர் வாங்குவது வேறொருவர். குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்படுகிறார்கள். கைவைத்தால் கதவு கையோடு வருகிறது, சுவரில் விரிசல். படம் பார்த்துக்கொண்டிருந்தபோது என் அம்மா, “நம்ம பிளாட்டு மாதிரியே இருக்கே” என்றார். நான் விரிசலின் கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. தரை இறங்கினால் விரிசல் படிக்கட்டு மாதிரித்தான் போகும். கலை இயக்குநர் யாரோ கட்டடத்தைக் கவனித்துப் பார்த்திருக்கிறார்.

மாஹேயில் 1970இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஷியாமளனையும் சேர்த்துக்கொள்ளலாம், தாய்வழியில் தமிழர். 2000இல் ‘அன்பிரேக்கபிள்’ எடுத்தபோது, காமிக்ஸ் என்ற சொல்லே விளம்பரத்தில் வராமல் ஸ்டூடியோ பார்த்துக்கொண்டது. காமிக்ஸ் பார்க்க யார் வருவார்கள் என்ற காலம். பிறகு வரிசையாகச் சில பெரிய படங்கள் விழுந்தன. 2015இல் வீட்டை அடமானம் வைத்து ஐம்பது லட்சம் டாலரில் ‘தி விசிட்’ எடுத்தார். அடுத்து ‘ஸ்பிளிட்’. அதன் கடைசிக் காட்சியில், 16 வருடம் கழித்து அன்பிரேக்கபிளின் நாயகன் கடையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான். நண்பனிடம் இதைச் சொன்னபோது, “அடமானம் வைக்க அவருக்கு வீடு இருந்துச்சு” என்றான்.

நியாயம். எங்கள் இரண்டு வீடும் பெற்றோர் பெயரில், இன்னும் கடனில். என் தலையில் பி.டி.பி.டி.என் வேறு. இந்த நாட்டில் தமிழில் படம் எடுப்பவர்கள் எவ்வளவு மெல்லிய பலகையில் நடக்கிறார்கள் என்பதற்கு ‘ஜகாட்’ போதும். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதை. ஷாஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், மலாய்மொழிப் படம் இல்லை என்பதால் முதன்மைப் பிரிவில் சேர்க்காமல் வைத்து, சர்ச்சையாகி, கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்று விருது கொடுத்தார்கள். அப்பேர்ப்பட்ட படத்துக்கே அந்த அலைச்சல். ஆனால் திரையில் எங்கள் பேச்சைக் கேட்டது எனக்கு அதில்தான். தோட்டத்துக் கதை படமாகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதும் அதற்குப் பிறகுதான்.

வீடில்லாதவன் என்ன செய்வது? இதற்கு ஒரு பதில் சாம் ரைமியிடம் கிடைத்தது. 2002இல் ‘ஸ்பைடர்மேன்’ எடுத்தவர். அவரும் கூட்டாளிகள் ராப் டாபர்ட், புரூஸ் கேம்பெலும் மிச்சிகன்காரர்கள். 1978இல் ஒரு சின்னப் பேய்ப்படம் எடுத்தார்கள், அரை மணி நேரம். அது விற்பதற்கல்ல, காட்டிக் காசு கேட்பதற்கு. பல் வைத்தியர்கள், வக்கீல்கள் என்று உள்ளூர் ஆட்களிடம் பங்கு பங்காகச் சேர்த்து ‘தி ஈவில் டெட்’ எடுத்தார்கள். ஆசைப்பட்ட காமிக்ஸ் உரிமை கிடைக்காதபோது ரைமி தானே ஒரு நாயகனை உண்டாக்கி 1990இல் ‘டார்க்மேன்’ எடுத்தார். ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகத்தில் ஆபரேஷன் அறையில் இயந்திரக் கைகள் விழித்தெழும் காட்சி இருக்கிறதே, அது அப்படியே அந்தப் பழைய பேய்ப்படத்து ஆள்தான்.

பங்கு பங்காகச் சேர்ப்பது என்றதும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவனுக்கு இது வராமல் இருக்காது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். மரம் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, அவர்கள் வேலை செய்யும் தோட்டத்தை அவர்களே வாங்குவது. முதலில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தாத்தாவும் பங்கு போட்டிருந்தார். எங்கள் தோட்டம் அப்படி வாங்கப்பட்டவற்றில் இல்லை. அதனால்தான் நான் ஈப்போவில் ஏழாம் மாடியில் வளர்ந்தேன். வேலை முடித்து அனுப்பியபோது தாத்தா ஒரு ஆங்கிலத் தாளில் பெருவிரல் ரேகை வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நகல்கூடக் கொடுக்கவில்லை.

எங்களிடம் வந்த பதினான்கு பக்கத்தை நான் வரிவரியாகப் படித்தேன். அந்த ஒரு வசதி எனக்கு இருந்தது.

பதில் எழுதினோம். எட்டாயிரமே போதும். ஆனால் இரண்டு பேர் பெயரும் வரவேண்டும், நண்பன் உதவி இயக்குநராகவாவது படப்பிடிப்பில் இருக்கவேண்டும், மூன்று வருடத்துக்குள் எடுக்காவிட்டால் ஜாகா எங்களிடம் திரும்பவேண்டும். ஒன்பது நாள் கழித்து ஒருவரிப் பதில் வந்தது. இது எல்லாருக்கும் ஒரே மாதிரியான ஒப்பந்தம், மாற்ற இயலாது.

நண்பன் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்தான். எட்டாயிரம் போனதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறான், ஓவர்டைம் சேர்த்துச் செய்கிறான். அவன் சொல்வது தவறென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்று கையோடு ஆறு படம் வரைந்து கொண்டுவந்திருந்தான். ஒரே காட்சி, நான்கு நிமிடம். ஜாகா ஒரு திருடனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான், எல்லைக்கோட்டைத் தாண்டுகிறான், சக்தி போய்விடுகிறது. திருடன் திரும்பிப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

செலவு 1,900 வெள்ளி என்று கணக்குப் போட்டிருக்கிறோம், கேமரா வாடகை, விளக்கு, சாப்பாடு. ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கினேன். ஆளுக்குப் பத்து வெள்ளி, அதற்கு மேல் ஒருவரிடமும் வாங்குவதில்லை. இதுவரை 112 பேர். பழைய தோட்டத்து ஆட்கள்தான் அதிகம். ஒரு பெரியம்மா பணம் கொடுத்துவிட்டு, படத்தில் முனியாண்டிக்குச் சுருட்டு உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். யார் பற்றவைப்பது என்றார். நான் அதை யோசித்திருக்கவில்லை. திரைக்கதையில் இப்போது சேர்த்திருக்கிறேன்.

எல்லைக்கல் ஒன்று உண்மையாகவே கிடைத்துவிட்டது. பெட்ரோல் நிலையத்தின் பின்னால், லாலான் புல்லுக்குள், பாதி புதைந்து. நிலையத்து மேலாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். இரவு பதினொன்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள், நான்காம் பம்பை மட்டும் மறைக்காதீர்கள் என்றிருக்கிறார்.